பக்கத்து சீட்

“இந்த வண்டிக்கு நான் என்னங்க குறை வச்சேன்?” என்று கேட்டார் சம்பத்குமார்.

கேட்டார் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். கத்தினார்.

கத்தியது மெக்கானிக் ரெஜினாவிடம். அவர் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் பார்த்தவர். இப்போது கோவைக்கு வெளியே சொந்தப் பட்டறை. டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் அவரைக் குரு என்பார்கள். சம்பத்குமாரைவிடப் பத்து வயது சின்னவர் என்பதால் அந்தப் பட்டம் அவருக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் வருகிறவர்கள் விடுவதில்லை.

“ஒஸ்தி ஆயில்தான் ஊத்தறேன். நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் சும்மா ஓடவிட்டுத்தான் ஆஃப் பண்றேன். டர்போ சூடு ஆறணும்னு சொன்னீங்கல்ல? ஞாயித்துக்கிழமையானா என் கையால துடைக்கிறேன். இவ்வளவு பண்ணியும் மேட்டுல ஏறச் சொன்னா சண்டிமாடு மாதிரி நிக்குது!”

“எதுக்கு வாங்கினீங்க?”

“பசங்க கல்யாணமாகிப் போயிட்டாங்க. இனிமேலாவது நானும் சம்சாரமும் ஊர் ஊராப் போலாம்னுதான். செகண்ட் ஹேண்டுன்னாலும் ஸ்போர்ட்ஸ் கார். இன்னும் பத்து வருசம் ஓடணுங்க.”

“போறீங்களா?”

“எங்கேங்க? அவ இதுல ஏறவே மாட்டேங்கறா. இன்னிக்கு ஒரு கல்யாணம், கெஞ்சிக் கூட்டியாந்தேன்.”

ரெஜினா எட்டிப் பார்த்தார். சிவப்புக் கார் வெயிலில் நின்றது. பக்கத்து சீட்டில் பட்டுப்புடவையோடு வசந்தாமணி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். இறங்கி நிழலில் உட்கார் என்று ஒரு வார்த்தை சம்பத்குமார் சொல்லவில்லை. வண்டியின் சூடு ஆறுவதற்கு ஒரு நிமிடம் காத்திருக்கிற மனுஷன்! இதைச் சொல்லும்போதே எனக்கு வருகிற எரிச்சலுக்கு அளவில்லை.

“எஞ்சின் விளக்கு எரியுதா?”

“எரியுங்க. அழிச்சிருவேன்.”

“எப்படி?”

சம்பத்குமார் சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு கருவியை எடுத்துக் காட்டினார். ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகி, போனில் ஒரு தட்டு தட்டினால் விளக்கு அணைந்துவிடும். ஏதோ வைத்தியம் கண்டுபிடித்தவர் போல அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“எதுக்கு எரிஞ்சதுன்னு பாத்தீங்களா?”

“பழைய வண்டிங்க. சும்மா சும்மா எரியும்.”

ரெஜினா அதைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“சரி, இப்ப சொல்லுங்க. என்ன குறை?”

“அதான் சொன்னேனுங்களே, மேட்டுல ஏறுனா...”

ரெஜினா அந்தக் கருவியால் அவர் தோளைத் தொட்டார்.

“அழிச்சாச்சு” என்றார்.

“என்னதுங்க?”

“ஒண்ணுமில்லை. மேல சொல்லுங்க.”

“இழுவையே இல்லீங்க. ஆக்ஸிலேட்டர எவ்வளவு மிதிச்சாலும்...”

மறுபடியும் தோளில் ஒரு தட்டு.

“அழிச்சாச்சு.”

சம்பத்குமாருக்குக் கழுத்து வரை சிவந்துவிட்டது.

“என்னை என்ன கேனைன்னு நெனச்சீங்களா? ஒரு மனுசன் தொண்டை கிழியச் சொல்லிட்டிருக்கேன், காதுலயே வாங்காம...”

காருக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

ரெஜினா போய் வண்டிக் கதவைத் திறந்தார்.

“அக்கா, நீங்க சொல்லுங்க. இந்த வண்டிக்கு என்ன?”

“அவளுக்கு வண்டியப் பத்தி என்னங்க தெரியும்?”

ரெஜினா திரும்பிப் பார்க்கவில்லை. கருவியை மட்டும் பின்னால் நீட்டி, “அழிச்சாச்சு” என்றார்.

வசந்தாமணி புடவையை ஒதுக்கிக்கொண்டு இறங்கினாள்.

“மேடு ஏறுறப்ப உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதுங்க. குக்கர் கேஸ்கட் போனா ஓரத்துல காத்துப் போகும் பாருங்க, அப்படி. தீவாளியிலிருந்து வருது.”

“இவர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேங்க. பாட்டைச் சத்தமா வச்சுட்டாரு.”

ரெஜினா பானெட்டைத் திறந்தார். ஒரு தடித்த ரப்பர் குழாயின் அடிப்பக்கம் கையை விட்டுத் தடவினார். பிறகு சம்பத்குமாரின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். குழாய் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

“டர்போ அழுத்தி அனுப்பற காத்து இந்த வழியா வெளியே போகுது. எஞ்சினுக்குப் பத்தலை. பத்தலைன்னு டர்போ இன்னும் வேகமாச் சுத்துது. இத்தனை மாசமா மூச்சு வாங்கிட்டு ஓடியிருக்கு.”

இன்னொரு குழாயைக் கழற்றி, துணி சுற்றிய விரலால் டர்போவின் சக்கரத்தை அசைத்தார். அது விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

“போச்சுங்களா?”

“இன்னும் போகலை. கிழிஞ்ச உடனே வந்திருந்தா குழாயோட முடிஞ்சிருக்கும்.”

சம்பத்குமார் குழாயைப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். அப்போதும் கோபம் அவள் மேல்தான் பாய்ந்தது. ஊரான் மேல் கோபம் வந்தாலும் வீட்டுக்காரி மேல் இறக்கிவைக்கிற வம்சம்.

“உனக்குத் தெரிஞ்சதை நல்லா உறைக்கிற மாதிரிச் சொல்றதுக்கு என்னடி? ஒரு தடவை சொல்லிட்டு வாய மூடிக்கிட்டா?”

“ஒரு தடவையா?” என்றாள் வசந்தாமணி. “சத்தமாச் சொன்னா சண்டைக்கு வர்றேம்பீங்க. மெதுவாச் சொன்னா காதுலயே விழாது. திருப்பிச் சொன்னா தொணதொணப்பு. எங்க போறதுங்க நானு? அதான் ஏறலைன்னேன். அதையும் எதுக்குன்னு கேக்கலை. சேலை எடுத்துத் தர்றேன், ஏறுன்னீங்க!”



சம்பத்குமார் வாயைத் திறந்தார். பதில் தயாராக இருந்தது, இருபத்தெட்டு வருடமாக அது தயாராகத்தான் இருக்கிறது.

ரெஜினா கருவியை அவர் முன்னால் நீட்டினார்.

“இந்தாங்க சார். வேணுமா?”

அவர் அதைப் பார்த்தார். கையை நீட்டினார். பாதியில் இழுத்துக்கொண்டார்.

சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து நிழலில் மனைவிக்குப் போட்டார். அவள் எதிரில் கிடந்த பழைய டயரின் மேல், கல்யாணத்துக்குக் கட்டிய வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்தார்.

“சரி, சொல்லு வசந்தா” என்றார்.

வசந்தாமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எந்த வருசத்துல இருந்து?”