மாலைக்கு முன் கை

மில்லில் முதலில் நாற்காலிகளை எடுத்தார்கள். பிறகு பதினோரு மணி டீயை நிறுத்தினார்கள். அதற்கும் பிறகு பெயரைப் பிடுங்கிக்கொண்டு ஆளுக்கொரு நம்பர் கொடுத்தார்கள். கடைசியாக, பஞ்சுக் கிடங்கில் பிடித்த தீயை நாற்பத்தொன்றாம் நம்பர்க்காரி ஈரச்சாக்கால் அடித்து, கை வெந்துபோக அணைத்தாள். மேனேஜர் தணிகாசலம் தாமே அணைத்ததாக முதலாளிக்கு எழுதினார்.

அதோடு மில்லில் ஒருவருக்கும் வேலையில் மனம் ஒட்டவில்லை. கோவையிலிருந்து ஆள் வரவழைத்து உற்சாக வகுப்பு நடத்தினார் மேனேஜர். வகுப்பிலும் தூங்கினார்கள்.

மில்லைக் கூட்டிப் பெருக்கும் பேச்சியைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு முதலாளி வர்றார். எல்லாரும் மனசாரக் கை தட்டணும். சோத்து நேரத்துல உன்னைச் சுத்தித்தானே உக்கார்றாங்க, நீ சொல்லு. தட்டலேன்னா உனக்கு வேலை இல்லை."

"தீயை அணைச்சவங்களுக்கு மாலை போடுங்க சார். தானாத் தட்டுவாங்க."

தணிகாசலத்துக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் முதலாளி முன்னால் மேனேஜர் மாலைக்குக் கழுத்தை நீட்டினார். மாலையோடு நின்ற பேச்சி, "முதல்ல கையைக் காட்டுங்க சார். வெந்த தழும்பை எல்லாரும் பார்க்கட்டும்" என்றாள்.

மேனேஜர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. தீப்பிடித்த அன்று நடந்ததைப் பார்த்தும் வாய் திறக்காத இருநூறு தலைகளும் குனிந்தன. சாக்கை நனைத்துக் கொடுத்த பேச்சியின் தலைதான் முதலில் குனிந்தது.

"அணைச்சது யாருய்யா?" என்றார் முதலாளி.

மேனேஜருக்கு நம்பர்தான் தெரியும், பெயர் தெரியாது. வருகைப் பதிவேட்டைப் புரட்டி, நாற்பத்தொன்றுக்கு எதிரே இருந்த பெயரில் விரலை வைத்து, எல்லார் காதிலும் விழும்படி வாசித்தார்:

"இசக்கியம்மாள்."