சவரிமுத்துவின் சிலேட்டு

கடலும் வானமும் ஒரே நிறமாகக் கரைந்து கிடந்த காலை. பனிமூட்டத்தில் படகுகள் அந்தரத்தில் நிற்பதுபோல் தெரிந்தன. துறைமுகத்து மாடியறையில் இமாகுலேட் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் படிக்க வந்த சவரிமுத்து அவளைவிட வயதில் பெரியவன். மீன் ஏலக்கூடத்தில் சிலேட்டில் விலை எழுதிக்கொண்டிருந்தவன். ஆசை யாரை விட்டது!

அன்று அவன் ஓடி வந்தான்.

"டீச்சர், என் தம்பியைக் கொல்லப் பார்த்துட்டேன்."

வானிலை அறிவிப்பு, ஒவ்வொரு செய்திக்கும் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் வைத்த எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். அதைப் படித்துப் படகுக்காரர்களின் போனுக்கு அனுப்ப ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். சோதனைக்குத் தம்பி கஸ்பாருக்கு மட்டும் அனுப்பிப் பார்த்தான். போய்ச் சேர்ந்தது, 'கடலுக்குப் போகலாம்' என்பது மட்டும். கஸ்பார் நம்பிப் படகைத் தள்ளிவிட்டான். நல்லவேளை, இவன் போனில் கூப்பிட்டுத் தடுத்துவிட்டான்.

"நாளைக்கு இந்த அறிவிப்பு எல்லாப் படகுக்கும் போகணும். கோப்புல முழுசா இருக்கு டீச்சர். மீதி எங்க போச்சு?"

அலமாரியிலிருந்து ஒரு சிலேட்டை எடுத்து நீட்டினாள்.

"நான் சொல்லச் சொல்ல எழுதுங்க அண்ணே. புயல் தெற்கே நிற்கிறது."

எழுதினான். அவள் சாவகாசமாக ஒரு வாய் டீ குடித்தாள். ஜன்னல் வழியே பனி உள்ளே வந்தது.

"அது கரையைக் கடந்த பிறகுதான்."

உள்ளங்கையால் பழையதைத் துடைத்துவிட்டு எழுதினான்.

"கடலுக்குப் போகலாம்."

மறுபடியும் துடைத்தான், எழுதினான்.

"வாசிங்க."

வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஐயோ பாவம், சிலேட்டில் இருந்தது கடைசி வரி மட்டும்.

"யார் அழிக்கச் சொன்னது?" என்று கேட்டாள்.

"ஏலத்துல புது விலை வந்தா பழசை அழிச்சிடுவோம் டீச்சர். அந்தப் பழக்கத்துலயே புரோகிராமையும் எழுதிட்டேன்."

"கோப்பு ஒரே மூச்சுல வராது அண்ணே. துண்டு துண்டா வரும். வர வரச் சேர்த்து வைங்க."

"முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?"

அவள் வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. கஸ்பார்தான். சவரிமுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, உன்னாலதான் சாகப் பார்த்தேன்."

குரல் நின்றது. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. சவரிமுத்து தலையில் அடித்துக்கொண்டு போனை அணைக்கப் போனான். இமாகுலேட் கையை நீட்டி மறித்தாள்.

வெகு தூரத்திலிருந்து வருவதுபோல் தம்பியின் குரல் மெல்ல வந்தது.

"உன்னாலதான் கரையில நிக்கிறேன்."

சவரிமுத்து அழுதேவிட்டான்.

"முடிஞ்சுதா டீச்சர்?"

"அவர் போனை வைக்கட்டும் அண்ணே. அதுதான் முடிவுக் குறி."