நாலு பேல்

கரிசல் பக்கத்து ஜின்னிங் மில் ஒன்றில் பஞ்சை அமுக்கிப் பேல், அதாவது பெரிய பொதி, கட்டும் பிரிவுக்குப் பொம்மக்காதான் மேஸ்திரி. அவளிடம் தொழில் படிக்க வந்த சிவணைந்தான், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். அவளைவிடப் பத்து வயது கூட.

கோடையில் பஞ்சு மொறுமொறுவென்று காய்ந்துபோனால் பிரஸ்ஸில் அமுங்காது, கட்டுக்கம்பி தெறிக்கும். அதனால் பொம்மக்கா நீராவியைப் புகைபோல விட்டு, பஞ்சு பதமாகும்வரை பொறுத்திருப்பாள்.

அவள் ஊரில் இல்லாத ஒருநாள் கம்பி தெறித்து ஒருத்தன் கன்னத்தைக் கிழித்தது. பதறிப்போன சிவணைந்தான் ஹோஸ் பைப்பை எடுத்துப் பஞ்சின் மேலேயே தண்ணீர் அடித்துவிட்டார். அப்படி நாலு பேல் கட்டியாயிற்று. யாரிடமும் மூச்சு விடவில்லை.

மூன்றாம் நாள் லாரி வந்தது.

ஏற்றுமுன் ஒவ்வொரு பேலையும் குத்திப் பார்ப்பது பொம்மக்காவின் வழக்கம். நீளக் கம்பியைப் பேலுக்குள் செருகி, கொஞ்ச நேரம் விட்டு, உருவிக் கன்னத்தில் ஒற்றினாள்.

“பொண்ணு பாக்குற மாதிரி பேலைப் பாத்தா நான் எப்பத் தூத்துக்குடி போய்ச் சேர?” என்றான் டிரைவர்.

சிவணைந்தான் மெல்லக் கேட்டார்.

“மேல காஞ்சுதான தாயி இருக்கு?”

“மேல காஞ்சிருக்கு.”

“உள்ள ஈரம் இருந்தா?”

“உள்ளயே சூடேறி வெந்துரும். ஒரு மாசத்துல பழுத்து மக்கிப்போகும். நூல் மில்காரன் அதுக்கப்புறம் நம்ம பக்கமே திரும்ப மாட்டான். நாம வாசலைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்.”

கம்பி முப்பது பேலையும் சுற்றி வந்துவிட்டது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“ஏத்துங்கப்பா” என்றாள்.

பத்து பேல் ஏறியது. பதினொன்றாவதாகக் கொக்கி மாட்டியது அவர் தண்ணீர் அடித்த பேலில். அதன் நம்பர் மூன்று நாளாக அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது.

பேல் லாரிப் பலகையைத் தொட்டது.

“அத ஏத்தாதீங்க.”

எல்லாரும் திரும்பினார்கள்.

“நாந்தான் தாயி தண்ணி அடிச்சேன். இது ஒன்னு. அந்த மூலையில மூணு.”

நாலும் ஒதுங்கின. முதல் பேலின் கட்டை அறுத்ததும் நடுவிலிருந்து புளித்த மாவு வாடை வந்தது. டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

சிவணைந்தான் தலை நிமிரவில்லை.

“குத்தும்போதே தெரிஞ்சுதா தாயி?”

“ரெண்டுதான் சுட்டுச்சு.”

“பெறகு ஏன் ஏத்தச் சொன்னீங்க?”

“அந்த ரெண்டை நான் தனியா எடுத்து வச்சிருந்தா, மத்த ரெண்டை நீங்க சொல்லியிருப்பீங்களா, அண்ணாச்சி?”