ஆட்டுச் சந்தையில் ஐஸ்

சுடலைமணியின் வயிற்றுக்குள் ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த நெருப்புக்கு ரீகன் என்று பெயர்.

இருவருக்கும் பாளையங்கோட்டையில் ஒரே அறை. ஒரே பயிற்சி மையம். ஒரே காப்பீட்டு நிறுவனத்துக்குத்தான் இருவரும் விண்ணப்பித்தார்கள். வாடிக்கையாளர்களோடு போனில் பேசுகிற வேலை. அதற்கு முதல் நேர்காணலும் போனில்தான். ரீகன் அதில் தேறிவிட்டான். இன்று பிற்பகல் அவனுக்கு அடுத்த சுற்று. சுடலைமணிக்கு முதல் சுற்றே இன்று பதினொரு மணிக்குத்தான்.

இதற்கு முன் இரண்டு நிறுவனங்கள் அவனிடம் பேசிவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று வைத்துவிட்டன. இதுவும் போனால் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். அவன் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்தவன் அவன் ஒருவன்தான். ஆடு வளர்க்கும் அப்பா, "வேலை எப்பய்யா?" என்று கேட்பதையே இப்போது விட்டுவிட்டார். கேட்டுக்கொண்டிருந்ததே தேவலை என்று இருந்தது.

ரீகன் நேர்காணலில் பேசியதை சுடலைமணி கேட்டிருந்தான். மொட்டை மாடியில் ரீகன் போனை ஸ்பீக்கரில் போட்டு நடந்தபடி பேச, இவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தன் போனில் பதிவு செய்துகொண்டான். ரீகன் என்னவோ சொன்னான். எதிர்முனையில் அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அன்றிலிருந்து இவனைத் தூங்கவிடவில்லை.

காலையில் மையத்துக்குள் நுழைந்ததும் நேரே நசீமா மிஸ்ஸிடம் போனான். பயிற்சி கொடுக்கிறவர் அவர்தான். இவர்களைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

"மிஸ், ரீகனுக்குத் தனியா என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

"எல்லாருக்கும் சொன்னதுதான். சத்தமில்லாத இடத்துல உக்காரு. போன்ல சார்ஜ் இருக்கட்டும். உன் பேரச் சொல்லு. கேள்வி முடியட்டும்."

"அது எனக்கும் தெரியும் மிஸ். அவன் மட்டும் எப்படித் தேறினான்?"

மிஸ் அறையின் நடுவே கை காட்டினார்.

"பீரோவுக்கு அந்தப் பக்கம் போ" என்றார்.

அந்த அறையின் நடுவில் ஒரு பழைய இரும்பு பீரோ நின்றது. பயிற்சி எடுப்பவன் அதற்கு அந்தப் பக்கம் உட்காருவான், மிஸ் இந்தப் பக்கம். முகம் தெரியாது. குரல் மட்டும்தான். மற்ற மாணவர்கள் சுற்றிலும் உட்கார்ந்து கேட்பார்கள். ரீகனும் ஜன்னலோரம் இருந்தான்.

"வணக்கம். உங்களைப் பத்திக் கொஞ்சம்..."

"என் பேரு சுடலைமணி, பி.காம் முடிச்சிருக்கேன்" என்று தொடங்கியவன் மூச்சு விடவில்லை. மிஸ் வாய் திறந்த மூன்று முறையும் அவன் குரல்தான் முந்தியது. மனப்பாடம் செய்தது நழுவிவிடுமோ என்ற பயம் அவனுக்கு.

"கோபமா இருக்கிற ஒருத்தர எப்படி..."

"சமாளிப்பேன் சார்! எங்க ஊர்ச் சந்தையில ஒரு ஆட்டு வியாபாரி வந்து கத்தினாரு. எங்க அம்மா பதறவே இல்ல. 'அண்ணாச்சி, கோபப்படுங்க, வேண்டாங்கல. ஐஸ் உருகுறதுக்குள்ள கோபப்பட்டு முடிச்சிருங்க'ன்னாங்க. அவரே சிரிச்சிட்டாரு சார்!"

அதிகாரி சிரித்த இடம் இதுதான். சுடலைமணி காத்திருந்தான்.

பீரோவுக்கு இந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"ஆட்டுச் சந்தையில எதுக்குப்பா ஐஸ்?" என்றார் மிஸ்.

முதலில் யாரோ ஒருவன் கனைத்தான். பிறகு அறையே சிரித்தது. ரீகன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அம்மா மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் போட்ட கூடையோடு உட்காருகிறவர்.

"ஏலே, எங்க அம்மாவ எப்பலே ஆட்டுச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போன?"

பீரோவுக்குப் பின்னாலிருந்து சுடலைமணி வெளியே வரவில்லை. மிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"உங்க சந்தையில நிஜமாவே ஒருத்தன் கோபப்பட்டா என்ன செய்வாங்க?"

"அங்க கத்துறதுக்கு வழியே இல்ல மிஸ்."

"ஏன்?"

தயங்கினான். கல்லூரியில் மூன்று வருடம் யாரிடமும் சொல்லாத விஷயம்.

"வெலையப் பேச்சுல சொல்ல மாட்டாங்க. துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, உள்ள கைய விட்டு விரலைப் பிடிச்சுத்தான் பேசுவாங்க. எங்க அப்பாவும் அப்படித்தான்."

"முகத்தப் பாப்பாங்களா?"

"பாத்தாலும் ஒண்ணும் தெரியாது மிஸ். எல்லாம் கையிலதான்."

கம்ப்யூட்டரை மூடியிருந்த துணியை மிஸ் உருவி எடுத்தார்.

"காட்டு. ரீகன், நீ வா."

"இவன்கூடயா? நாளைக்கு என் கையையும் தன் கைன்னு சொல்லுவான் மிஸ்."

"வா."

ரீகன் முறைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். துணி அவன் கைமேல் விழுந்தது. சுடலைமணி உள்ளே கையை விட்டு ரீகனின் விரல்களைப் பிடித்தான்.

பிடித்தவன் நிமிர்ந்து ரீகனின் முகத்தைப் பார்த்தான். எப்போதும்போல் தெனாவட்டான முகம்தான். துணிக்குள் கை சில்லிட்டு, வேர்த்து, நடுங்கிக்கொண்டிருந்தது.

"அவன் கை என்ன சொல்லுது?" என்றார் மிஸ்.

சுடலைமணி மிஸ்ஸைப் பார்த்தான், பிறகு துணியைப் பார்த்தான்.

"சொல்லேன்லே" என்றான் ரீகன், தரையைப் பார்த்தபடி. "விடியக்காலையிலேருந்து ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டேன். ஒன் கை மட்டும் என்ன வாழுதாம்?"

துணிக்குள்ளிருந்து யார் கையும் உடனே வெளியே வரவில்லை.

மணி பதினொன்று. மேசைமேல் சுடலைமணியின் போன் அடித்தது. மிஸ் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். அறை அடங்கியது. ரீகனின் பேச்சை எழுதி சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாள்களை சுடலைமணி எடுத்தான், பார்த்தான், திரும்ப உள்ளேயே வைத்தான்.

"மிஸ், நான் என்ன சொல்லட்டும்?"

"துண்டுக்குள்ள கைய விட்டதும் உங்க அப்பா முதல்ல என்ன செய்வாரு?"

"ஒண்ணும் செய்ய மாட்டாரு மிஸ். எதிராளி விரலைப் பிடிக்கிற வரைக்கும் சும்மா வச்சிருப்பாரு."

"அப்புறம் என்ன? எடு."

அவன் போனைக் காதில் வைத்தான்.

"வணக்கம் சார். சுடலைமணி பேசுறேன்."

எதிர்முனையில் ஒரு குரல் நிதானமாக ஏதோ கேட்கத் தொடங்கியது. நடுவில் ஒரு இடத்தில் அது மூச்சு வாங்க நின்றது.

சுடலைமணி சும்மா இருந்தான்.