ஏழாம் பெட்டில் இரண்டு காலிக் கட்டம்

"சார், இந்த ஒரு கையெழுத்துக்காக மூணு நாளா உங்க பின்னாடியே அலையறேன். போட மாட்டேன்னாவது சொல்லித் தொலைச்சிடுங்க!"

டாக்டர் தபசும் இப்படி வெடித்தது டாக்டர் எத்திராஜிடம். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு வயசாகிவிடும். அந்தப் பெரியாஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். தபசுமின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியும் அவரே.

மூன்று நாளைக்கு முன் அவள் ஒரு கவரில் போட்டு அவரிடம் கொடுத்தது லேசுப்பட்ட காகிதமா என்ன? தீவிர சிகிச்சைத் துறையில் வளர்ந்து வரும் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு சர்வதேசச் சங்கம் கொடுக்கிற விருது. உலகம் முழுக்க ஆறே ஆறு பேருக்கு. மேல்படிப்பு முடித்து ஐந்து வருஷத்துக்குள் இருக்க வேண்டும். தபசுமுக்கு இது ஐந்தாவது வருஷம். விண்ணப்பிக்கும் கெடு இன்று சாயங்காலம் ஆறு மணியோடு சரி.



எத்திராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தனை பேரும்மா?"

"இருநூத்திப் பன்னெண்டு நோயாளிங்க சார். தினம் காலையில மயக்க மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்த்தா, ரெண்டு நாள் முன்னாடியே வென்டிலேட்டரை எடுத்துடலாம். பளிச்சுன்னு வந்திருக்கு."

"முதல்ல சேர்த்தது?"

"இருநூத்தி முப்பத்தொண்ணு. பத்தொன்பது பேரோட சார்ட்ல நடுநடுவுல காலி. விட்டுட்டேன். எல்லாரும் செய்யறதுதானே சார்."

"ஏன் காலி?"

"சிஸ்டருங்க எழுதல. மணிக்கொரு தடவை நாடி, பிரஷர், ஆக்சிஜன். இதை எழுத என்ன கேடு? சோம்பேறித்தனம்தான்."

"அந்தப் பத்தொன்பது பேரும் என்ன ஆனாங்க?"

"தெரியல சார். விட்டாச்சுன்னா அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?"

எத்திராஜ் மேஜையில் கிடந்த விண்ணப்பக் கவரை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இன்னிக்கு ஏழாம் பெட் சார்ட்டை நீ எழுது. ரெண்டு மணி வரைக்கும்."

"சார், இன்னிக்குக் கடைசி நாள்!"

அவர் எழுந்து ரவுண்ட்ஸுக்குப் போய்விட்டார்.

தபசுமுக்கு ஒரு எழவும் புரியவில்லை. தண்டனையா இது? தண்டனை என்றால் எதற்கு? பேனாவைப் பார்த்தாள். எட்டு ரூபாய்ப் பேனா. அதிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஏழாம் பெட்டில் முனிரத்தினம் என்று ஒரு லோடு ஆட்டோ டிரைவர். நுரையீரலில் சளிக் காய்ச்சல், வென்டிலேட்டரில் ஒன்பதாவது நாள். பக்கத்தில் நின்ற அமலோற்பவம் சிஸ்டர் சார்ட் அட்டையை அவளிடம் கொடுத்தார்.

"எழுத்து கொஞ்சம் அழகா இருக்கட்டும் டாக்டரம்மா. ஆராய்ச்சி பண்றவங்க எல்லாம் படிப்பாங்க."

குத்தலா, வேடிக்கையா? அதுவும் புரியவில்லை.

எட்டு மணிக்கு எழுதினாள். ஒன்பதுக்கு எழுதினாள். பத்துக்கும் எழுதினாள், முத்து முத்தாக. 'இவ்வளவுதானே, இதற்கா இவர்களால் முடியவில்லை?' என்று உள்ளுக்குள் ஒரு முனகல் வேறு.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் மானிட்டர் கத்த ஆரம்பித்தது. ஆக்சிஜன் எண்பது. எழுபது. தொண்டைக்குள் இருந்த டியூபைச் சளி அடைத்துக்கொண்டுவிட்டது. உறிஞ்சு குழாயை உள்ளே விட்டால் இறங்க மாட்டேன் என்கிறது.

"சிஸ்டர், புது டியூப்!"

பழையதை உருவினாள். முகத்தில் மாஸ்க்கை அழுத்தினாள். அமலோற்பவம் மாஸ்க்கோடு சேர்ந்த ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்த, முனிரத்தினத்தின் உதடு நீலம் பாரித்துக்கொண்டே போனது. ஐம்பத்தெட்டு. புது டியூப் முதல் தடவை தவறியது. அல்லாவே என்று வாய்விட்டே கத்திவிட்டாள். இரண்டாம் தடவை உள்ளே போனது. மூச்சு திரும்புகிறது என்று நினைப்பதற்குள் பிரஷர் விழுந்தது. ஊசி, மறுபடி ஊசி, சலைன்.

ஒரு வழியாக ஆள் நிலைக்கு வந்தபோது மணி ஒன்று. அவளுடைய கோட்டெல்லாம் வேர்வை.

எத்திராஜ் வந்தார். முனிரத்தினத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கீழே விழுந்து கிடந்த சார்ட் அட்டையை எடுத்தார். பதினொரு மணிக் கட்டத்தில் விரலை வைத்தார். பிறகு பன்னிரண்டு மணிக் கட்டத்தில்.

"ஏன் காலி?"

தபசுமுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அந்த நேரத்துல எவ சார் பேனாவைத் தூக்குவா? ஆளு செத்துக்கிட்டிருந்தாரு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. எத்திராஜ் அட்டையை அவள் கையில் கொடுத்தார்.

அமலோற்பவம் பழைய டியூபைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார். அவர் குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அப்ப இவரையும் விட்டுடுவீங்களா டாக்டரம்மா?"

தபசும் அந்த இரண்டு காலிக் கட்டங்களையும் மறுபடி பார்த்தாள்.

எத்திராஜ் கோட்டுப் பையிலிருந்த கவரைப் பிரித்து விண்ணப்பத்தை அவளிடம் நீட்டினார். கையெழுத்து இருந்தது. கீழே போட்டிருந்த தேதி மூன்று நாளைக்கு முந்தியது.

முதலிலேயே போட்டுவிட்டாரா? பிறகு எதற்கு இத்தனை பாடு? கேட்கலாம் என்று நிமிர்ந்தபோது அவர் அடுத்த பெட்டுக்குப் போயிருந்தார்.

தன் அறைக்கு ஓடினாள். கம்ப்யூட்டர் திரையில் விருதுக்கான பக்கம் திறந்தே கிடந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அந்தத் திரையை உயரமாக வைப்பதற்கு அடியில் அவள் முட்டுக் கொடுத்திருந்தது ஒரு காகிதக் கட்டு. நூல் போட்டுக் கட்டிய பத்தொன்பது சார்ட் நகல்கள்.

பொத்தானை அமுக்கவில்லை. அந்தக் காகிதக் கட்டை உருவினாள். திரை தடாலென்று கீழே இறங்கியது.

சாயங்காலம் எத்திராஜ் கதவருகே வந்து நின்றார். தரை முழுக்கச் சார்ட்டுகள். நடுவில் மடியில் லேப்டாப்புடன் தபசும்.

"என்ன ஆனாங்க?"

"பதினாலு பேர் வீட்டுக்குப் போகல சார்."

அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"அந்த ரெண்டு நாள்?"

"ஏழு பேரைக் கணக்குல சேர்த்திருக்கேன். குறைஞ்சுக்கிட்டே வருது."

"மணி அஞ்சே முக்கால்."

அவள் அடுத்த சார்ட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் பன்னெண்டு பேர் இருக்காங்க சார்."