காற்றை ஏமாற்றிய முதுகு

அந்தக் காலத்தில் காற்றுக்கு வாய் இருந்தது. திராட்சைக்கொடிக்கும் இருந்தது. ஒட்டகத்துக்கும் இருந்தது; ஆனால் அது வாயைத் திறந்தால் குறை சொல்லத்தான் திறக்கும்.

ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே, கடலுக்குள் லான்சரோத்தே என்றொரு தீவு. ஸ்பெயின் நாட்டு உழவர்கள் அங்கே குடியேறிக் கோதுமை விதைத்தார்கள், திராட்சை பயிரிட்டார்கள், பழத்தைக் காலால் மிதித்து ஒயின் செய்தார்கள். ஒரு நாள் தரை பிளந்தது. மலை நெருப்பைக் கக்கியது. ஆறு ஆண்டுகள் விட்டுவிட்டுக் கக்கியது. எல்லாம் அடங்கியபோது வயலும் இல்லை, தோட்டமும் இல்லை. எங்கே பார்த்தாலும் கொள்ளு அளவுக்குப் பொடிந்த கருஞ்சாம்பல், ஓர் ஆள் ஆழத்துக்கு.

பெனீதாவின் தோட்டமும் அதற்கு அடியில் போய்விட்டது. கடைசிக் கொடி பட்டுப்போவதற்குள் அதிலிருந்து அவள் வெட்டி எடுத்த ஒரு குச்சிதான் மிச்சம். விரல் தடிமன், முழ நீளம். அதை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

அவளுடைய அண்ணன் மார்சியால் துறைமுகத்திலிருந்து வந்தான்.

"இன்னையிலிருந்து இருபதாம் நாள் கப்பல் கிளம்புது. நமக்கு இடம் பேசிட்டேன். பர்தோவுக்கும் பேசிட்டேன். போற வழியில அவனை அவன் கரையில இறக்கி விட்டுடுவாங்க."

பர்தோ என்பது அவர்களுடைய ஒட்டகம். கடலுக்கு அக்கரையில், ஆப்பிரிக்க மணலில் பிறந்து, கன்றாக இருந்தபோதே படகில் இங்கே கொண்டுவரப்பட்டது. அதன் கூட்டம் இன்னும் அங்கேதான் இருந்தது.

"நான் வரலை அண்ணா. இந்தக் குச்சியை நடணும்" என்றாள் பெனீதா.

"எதுல நடுவே? கரியிலயா?"

"கரிக்குக் கீழே நம்ம மண்ணு இருக்கே."

மார்சியால் தலையில் கை வைத்துக்கொண்டான். "சரி, பேச்சை வளர்க்க வேண்டாம். கப்பல் பாய் விரிக்கிறப்போ இந்தக் குச்சி துளிரோட நின்னா நாம இங்கேயே இருப்போம். இல்லேன்னா நீ மறுபேச்சு பேசாம ஏறணும். சம்மதமா?"

"சம்மதம்."

"நீ யார் பக்கம்னு என்னை யாரும் கேட்கலை" என்றது பர்தோ. "கேட்டாச் சொல்லுவேன். நான் கப்பல் பக்கம்."

பெனீதா தோண்டத் தொடங்கினாள். ஒரு கூடைச் சாம்பலை அள்ளினால் அரைக் கூடை மறுபடி சரிந்து உள்ளே விழுந்தது. ஆகவே குழி நேராக இறங்காமல், மேலே அகன்றும் கீழே குறுகியும் புனல்போல இறங்கியது. தண்ணீருக்கு எங்கே போவது என்று அவள் கவலைப்பட்டுக் கொண்டிருந்த காலையில், பர்தோ மூக்கால் சாம்பலைக் கிளறிவிட்டுத் தும்மியது.

"மேலே காய்ஞ்சு கிடக்கு, உள்ளே நனைஞ்சு கிடக்கு. யார் இங்கே தண்ணி ஊத்தினது? என் மூக்கெல்லாம் சேறு!"

பெனீதா கையை விட்டுப் பார்த்தாள். உண்மைதான். இரவெல்லாம் இறங்கிய பனியைச் சாம்பல் உறிஞ்சி, வெயில் படாமல் உள்ளே வைத்திருந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஐந்தாம் நாள் பழைய மண் தட்டுப்பட்டது. குழியின் அடியில் குச்சியை நட்டாள்.

"இங்கே நல்லா இருக்கு. கால் நனையுது" என்றது குச்சி, மெல்லிய குரலில்.

பன்னிரண்டாம் நாள் அதில் இரண்டு துளிர்கள் தெரிந்தன. அதே நாள் உச்சி வேளையில் வடகிழக்குக் காற்று வந்தது.

"யாரது என் வழியில பள்ளம் வெட்டினது?"

"நான்தான்" என்றாள் பெனீதா. "ஒரே ஒரு கொடிக்கு இடம் கொடு. சுத்திப் போயேன்."

"சுத்தியா? நானா?" காற்று உரக்கச் சிரித்தது. "இந்தத் தீவு கடலுக்குள்ளிருந்து தலை தூக்குறதுக்கு முன்னேயே நான் இந்த வழியாத்தான் போயிட்டிருந்தேன். நிமிர்ந்து நிக்கிற எதையும் நான் விட்டு வைச்சதில்லை."

அது குழியை ஒன்றும் செய்யவில்லை. குழிக்கு முன்னால் கிடந்த சாம்பலைத்தான் ஊதியது. சாம்பல் உருண்டு உருண்டு விளிம்புக்கு வந்து உள்ளே கொட்டியது. பெனீதா இறங்கி, துளிரைச் சுற்றி இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளி வெளியே எறிந்தாள். சாயங்காலம் காற்று ஓய்ந்தபோது அவளுடைய நகங்கள் தேய்ந்திருந்தன.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

பதினாறாம் நாள் மார்சியால் வந்து எட்டிப் பார்த்தான். துளிரைப் பார்த்தான், தங்கையின் கைகளையும் பார்த்தான். நெருப்பு மலை உமிழ்ந்த கருங்கற்களைச் சுமந்து வந்து, குழிக்கு முன்னால் ஒரு சுவர் எழுப்பினான். நேரான சுவர். அவன் உயரத்துக்கு இருந்தது. கற்களுக்கு நடுவே ஓர் ஊசிகூட நுழையாதபடி சாம்பற்சேறு வைத்து அடைத்தான்.

"இனி வரட்டும் பார்க்கலாம்!" என்று மார்தட்டினான்.

காற்று வந்தது. சுவர்மேல் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. சுவர் முனகியது, ஆடியது, பிறகு முழுதாகக் குழிப்பக்கம் சரிந்தது.

பெனீதா கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். ஒரு துளிர் நசுங்கிவிட்டது. மற்றது ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் இடையே, அரிசி மணி அளவில், பச்சையாக இருந்தது.

"நான் இருக்கேன்" என்றது கொடி. "ஆனா இன்னொரு தடவை தாங்க மாட்டேன்."

மார்சியாலின் கையில் ரத்தம் வழிந்தது. "போதும் பெனீதா. நான் மூட்டையை எடுத்துக்கிட்டுத் துறைமுகத்துக்குப் போறேன். இருபதாம் நாள் பாய் விரிக்கிறதுக்குள்ள பர்தோவோட வந்து சேர்." திரும்பிப் பார்க்காமல் நடந்தான். திரும்பிப் பார்த்தால் போகமாட்டான் என்று அவனுக்கே தெரியும்.

இருபதாம் நாள் விடிந்தது. காற்று இம்முறை உச்சி வேளைக்குக் காத்திருக்கவில்லை.

"இன்னைக்கு இந்தப் பள்ளத்தை மூடிட்டுத்தான் எனக்கு அடுத்த வேலை!"

சாம்பல் மழைபோலக் கொட்டியது. பெனீதா அள்ளினாள். ஒரு கை அள்ளுவதற்குள் மூன்று கை விழுந்தது. அவளுடைய தோள்கள் மரத்துப்போயின.

"பெனீதா, என் இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு" என்றது கொடி.

"பர்தோ!" என்று அவள் குழிக்குள்ளிருந்தே கத்தினாள். "நீ போ! உனக்காவது கப்பல் இருக்கட்டும். உனக்கு வழி தெரியும்."

"தெரியும்" என்றது ஒட்டகம். அது எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, துறைமுகத்தின் பக்கம் நடந்தது.

மேட்டின்மேல் ஏறியதும் கடல் முழுதாகத் தெரிந்தது. கப்பல் தெரிந்தது. கடலுக்கு அப்பால் பழுப்பாக ஒரு கோடும் தெரிந்தது. அதுதான் அதன் கரை. பர்தோ அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

"போ கிழவா, போ!" என்று காற்று அதன் பின்புறத்தைத் தள்ளியது. சாம்பல் அதன் கண்ணில் அடித்தது.

கண்ணில் துகள் விழுந்ததும் பர்தோவுக்கு ஒன்று நினைவு வந்தது. அக்கரையில் மணற்புயல் வரும்போது அதன் தாய் ஓடமாட்டாள். புயலுக்கு முதுகைக் காட்டிப் படுத்து, உடம்பை வளைத்து, அந்த வளைவுக்குள் கன்றை வைத்துக்கொள்வாள். மணல் இருபுறமும் சீறிக்கொண்டு ஓடும். உள்ளே அடுப்படிபோலக் கதகதப்பாக இருக்கும்.

பர்தோ திரும்பியது.

"ஏன் திரும்பி வந்தே?" என்று பெனீதா திகைத்தாள். "கப்பல்!"

"நீங்க எல்லாரும் காத்துக்கு எதிரே நிமிர்ந்து நிக்கிறீங்க. அதான் விழுறீங்க. எங்க ஊர்ல நிக்க மாட்டோம், படுப்போம்." குழியின் விளிம்பில், காற்று வரும் பக்கத்தில், அது முன்கால்களை மடக்கியது, பிறகு பின்கால்களை. முதுகைக் காற்றுக்குக் காட்டி, கழுத்தையும் வாலையும் உள்ளே வளைத்து, பிறைபோலக் குழியைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. "தரை சுடுது. கல்லு குத்துது. சீக்கிரம் அள்ளு!"

காற்று ஓடி வந்து மோதியது. மோதுவதற்கு அங்கே விளிம்பு இல்லை, முனை இல்லை. வளைந்த முதுகில் வழுக்கி, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகப் போய்விட்டது. மறுபடி வந்தது. மறுபடி வழுக்கியது. குழிக்குள் ஒரு துகள்கூட விழவில்லை.

மார்சியால் மூச்சிரைக்க ஓடி வந்தான். "இன்னும் என்ன செய்யறே? பாய் ஏறப் போகுது..." என்று சொல்லிக்கொண்டே குழிக்குள் எட்டிப் பார்த்தான். பெனீதா ஒதுங்கினாள். குழியின் அடியில் ஒரு துளிர், விரிந்து, உள்ளங்கை திறந்ததுபோல நின்றது.

"பர்தோ, எழுந்திரு! உன் கரை! ஓடினா இப்பவும் ஏறிடலாம்" என்றான் மார்சியால்.

"எழுந்தா இது போயிடும் முதலாளி. எனக்கிருக்கிறது ஒரே முதுகு."

மார்சியால் கப்பலைப் பார்த்தான், ஒட்டகத்தைப் பார்த்தான். பிறகு விழுந்துகிடந்த சுவரிலிருந்து ஒரு கல்லை எடுத்து, பர்தோவின் முதுகை ஒட்டி வைத்தான். அதன் பக்கத்தில் இன்னொன்று. பெனீதாவும் ஏறி வந்து எடுத்துக் கொடுத்தாள். முதுகின் உயரத்துக்கு மேல் ஒரு கல்லும் போகவில்லை. சேறு பூசவில்லை, காற்று கொஞ்சம் நுழைந்து போகட்டும் என்று சந்து விட்டே அடுக்கினார்கள். ஒட்டகம் எப்படி வளைந்து படுத்திருந்ததோ, சுவரும் அப்படியே வளைந்தது.

கடைசிக் கல்லை வைத்தபோது காற்று ஓய்ந்திருந்தது; கப்பல், தொலைவில் ஒரு வெள்ளைப் புள்ளியாக இருந்தது. பர்தோ எழுந்து நின்று, அந்தப் புள்ளி மறையும்வரை பார்த்தது.

மறுநாள் காற்று வந்தது. குழிக்கு முன்னால் வளைந்த, கருத்த முதுகு ஒன்று தெரிந்தது.

"இன்னும் நீ எழுந்திருக்கலையா, கிழவா?"

சுவருக்கு இந்தப் பக்கம் தலையைத் தாழ்த்திப் பதுங்கியிருந்த பர்தோவின் வாய்வரை ஒரு பதில் வந்துவிட்டது. நல்ல சூடான பதில். பெனீதா மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒரு சொல் வெளியே வந்தால் போதும், படுத்திருப்பது கல் என்று காற்றுக்குத் தெரிந்துவிடும். பர்தோ தாடையை இப்படியும் அப்படியும் அசைத்தது. வந்த சொல்லை மென்றது. விழுங்கியது.

"சரியான பிடிவாதம்!" என்று முணுமுணுத்துக்கொண்டு காற்று சுற்றிப் போயிற்று.

மூன்று ஆண்டுகள் கழித்துக் கொடி காய்த்தது. பர்தோ கூடைகளைச் சுமந்தது. அண்ணனும் தங்கையும் பழத்தை மிதித்தார்கள். முதல் ஒயினைப் பெனீதா ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஒட்டகத்திடம் நீட்டினாள். அது முகர்ந்தது. கடுமையாகத் தும்மியது. அதற்குச் சொல்ல எத்தனையோ குறைகள் இருந்தன என்பது முகத்திலேயே தெரிந்தது. எல்லாவற்றையும் மென்று விழுங்கிவிட்டது.

அன்று முதல்தான் லான்சரோத்தேயில் ஒவ்வொரு திராட்சைக்கொடியும் தனக்கென ஒரு குழிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு குழியின் விளிம்பிலும், காற்று வரும் பக்கத்தில், கருங்கல்லில் ஒரு பிறைச்சுவர் படுத்திருக்கிறது. காற்று அதை இன்னும் ஒட்டகம் என்றே நம்பிக்கொண்டு சுற்றிப் போகிறது. அந்த நம்பிக்கை கெட்டுவிடக் கூடாதே என்றுதான் ஒட்டகங்கள், தின்ன ஒன்றும் இல்லாதபோதும், எதையோ மென்றுகொண்டே நிற்கின்றன.