முள்ளன் கொட்டிய கல்

வெள்ளச்சி முயல் முன்னங்கால் இரண்டாலும் எருவைப் பிசைந்து பிசைந்து, செடியின் தூரில் அணைத்துக்கொண்டிருந்தாள்.

அது மலையுச்சியிலிருந்து அவள் பெயர்த்து வந்த செடி. நன்றாக வந்தால் மான் உயரம் நிற்கும். நுனியெல்லாம் நீலமாய்ப் பூக்கும். அந்தப் பூவைப் பார்த்துத்தான் பாறைத் தேனீக்கள் கீழே இறங்கும். தேனீ வந்தால்தான் தோட்டத்துப் பூசணி காய்க்கும். காய்க்காவிட்டால் பனிக்காலத்தில் குட்டிகளுக்குப் பட்டினிதான்.

செடியோ எரு வைக்க வைக்க மஞ்சளாகிக்கொண்டே போனது. தூரில் தண்ணீர் தேங்கி அழுகல் வாடை அடித்தது.

பக்கத்து வளை முள்ளம்பன்றி, முள்ளன். அவன் தன் வளையைப் பெரிதாக்கினான். தோண்டிய சரளைக்கல்லை எல்லாம் அவள் பாத்தியில் தள்ளினான்.

"அண்ணே, அங்க செடி இருக்கு" என்றாள் வெள்ளச்சி, பாதிக் குரலில்.

"செடியா? காய்ஞ்ச குச்சின்னுல்ல நினைச்சேன்" என்று இன்னும் கொஞ்சம் தள்ளினான் முள்ளன்.

சண்டை போட அவளுக்கு வாய் வராது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மழை பிடித்தது. தண்ணீர் தேங்காமல் கல்லுக்குள் இறங்கி ஓடியது. மழை விட்டதும் பார்த்தால், தூரில் பச்சைத் துளிர்! கல்லிடுக்கில் பிறந்த செடிக்குக் கல்தான் மெத்தை, எருதான் எமன் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

கிழங்கு சுட்டு எடுத்துக்கொண்டு முள்ளன் வாசலுக்குப் போனாள்.

"என்ன, சண்டைக்கா?"

"இல்லண்ணே. உங்க கல்லுதான் என் செடியைக் காப்பாத்துச்சு."

முள்ளன் தலையைக் குனிந்துகொண்டான். "உனக்காக ஒண்ணும் கொட்டலையே தங்கச்சி. நீ எதிர்த்துப் பேச மாட்டேன்னுதான் கொட்டினேன்."

"தெரியும்ண்ணே. ஆறிடப்போகுது, சாப்பிடுங்க."

செடி நெடுநெடுவென்று வளர்ந்து மொட்டு விட்டது. அந்த நேரம் பார்த்துப் பேய்க்காற்றும் மழையும். தண்டு ஒடிந்துவிடுமே என்று வெள்ளச்சி பதறி ஓடினாள். அங்கே முள்ளன் நனைந்தபடி நின்றான். தன் முதுகு முள்ளில் நீளமானவற்றைப் பிடுங்கித் தண்டைச் சுற்றி ஊன்றிக்கொண்டிருந்தான்.

"வலிக்கலையாண்ணே?"

"வலிக்கத்தான் செய்யுது. பேசாம இந்த நாரை இறுக்கிப் பிடி."

பூ விரிந்தது. தேனீ இறங்கியது. கொடியெல்லாம் பூசணி.

முதல் காயில் பெரிய துண்டை முள்ளனுக்கு எடுத்து வைத்தாள் வெள்ளச்சி.

"கல்லைக் கொட்டினவருக்கு எதுக்கும்மா பெரிய துண்டு?" என்றது ஒரு குட்டி.

"அதுவா கண்ணு, அன்னிக்கு அம்மா மட்டும் கோவிச்சுக்கிட்டு இருந்திருந்தா..."

"தங்கச்சி, உன் கடைக்குட்டி தேனீயைப் பிடிக்கத் தாவுறான், ஓடி வா!" என்று வெளியிலிருந்து முள்ளன் கூப்பிட்டான். சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டு அவள் ஓடினாள்.

நினைக்காமல் செய்த நன்மைக்கும் நன்றி சொல்கிறவருக்கு, அடுத்த நன்மை நினைத்தே வந்து சேரும்.